நெட் வரலையா? கடைக்கு வரும் கேள்விகளும் என் பதில்களும்

தென்காசியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே போன் அடிக்கும். எடுத்தால் "அண்ணாச்சி, நெட் வரல". ஒரே பதிலை ஆயிரம் தடவை சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் ஃபைபர் இணைப்பும், விண்டோஸ் 10 அல்லது 11 போட்ட லேப்டாப்பும் உள்ள வீடுகளை மனதில் வைத்து எழுதியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"நெட் வரல. முதல்ல எதைப் பார்க்கணும்?"

வேறொரு கருவியில் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால் எதையும் பிடுங்க வேண்டாம், எந்த செட்டிங்கிலும் கைவைக்க வேண்டாம்.

லேப்டாப்பில் நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால் அந்தக் கோரிக்கை முதலில் வைஃபை வழியாகவோ கேபிள் வழியாகவோ மோடத்துக்குப் போகிறது. மோடத்திலிருந்து ஃபைபர் வழியாகத் தெருக் கம்பத்துக்கு, அங்கிருந்து ஆபரேட்டரின் அறைக்கு, அதற்கப்புறம்தான் ஊர் உலகத்துக்கு. இந்த வழியில் எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டில் எந்தக் கருவியிலும் வரவில்லை என்றால் கோளாறு மோடத்திலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் ஆபரேட்டரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு லேப்டாப்பைப் பாருங்கள்.

இதில் ஏமாற ஒரு இடம் இருக்கிறது. வைஃபையில் நெட் இல்லாவிட்டால் போன் சத்தம் போடாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். "போன்ல நல்லா வருதே" என்பீர்கள். டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கேட்காமல் ஒரு வாத்தியார் வீட்டில் லேப்டாப்பை ஒன்றரை மணி நேரம் நோண்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் தெருமுனையில் வைக்கோல் ஏற்றிய லாரி ஃபைபரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அன்றைக்குக் கூலி கேட்க எனக்கே வாய் வரவில்லை.

"எதுலயுமே வரல. மோடத்துல சிவப்பு லைட் மின்னுது."

எல்ஓஎஸ் என்று போட்டிருக்கிற விளக்கா? பேச்சில் 'லாஸ் லைட்' என்பார்கள். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளி மோடத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். லேப்டாப்பை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை.

ஃபைபர் என்பது முடியை விடக் கொஞ்சம்தான் தடிமனான கண்ணாடி இழை. அதில் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளி உங்கள் வீட்டுக்கு வருகிறது, 1310 நானோமீட்டர் ஒளி வீட்டிலிருந்து போகிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. வந்து சேரும் ஒளியின் அளவை லைன்மேன் ஒரு கையடக்க மீட்டரில் பார்ப்பார். "பவர் மைனஸ் இருபது இருக்கு" என்றால் நல்ல செய்தி. மைனஸ் 27க்குக் கீழே போனால் மோடத்தால் அதைப் படிக்க முடியாது. அப்போதுதான் சிவப்பு விளக்கு.

வீட்டுக்குள் நீங்கள் பார்க்கக்கூடியது இரண்டே இரண்டு. மோடத்தின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய மஞ்சள் கேபிள் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா? பீரோவுக்குப் பின்னால், கதவு இடுக்கில், எங்காவது நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா? கண்ணாடி மடங்கினால் உடையாவிட்டாலும் வளைவிலேயே ஒளி வெளியேறிவிடும். அதை டம்ளர் வாயளவு வட்டமாகத் தளர்வாகச் சுருட்டி வைத்தால் போதும். வீட்டைப் பெருக்குகிறேன் என்று மோடத்தை நகர்த்திய மறுநாள் வரும் போன்கள் எல்லாம் இந்த வகைதான்.

கேபிளைக் கழற்றி அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து "வெளிச்சம் வருதா" என்று பார்க்காதீர்கள். தெரியாத ஒளியும் கண்ணைக் கெடுக்கும். முனையை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். ஒரு துளி எண்ணெய் பட்டாலும் ஒளி குறையும். இன்னொன்று, செருகியின் நிறம். பச்சை முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீல முனை சாய்வு இல்லாதது. பச்சையை நீலத்தில் செருகினால் பொருந்தும், ஆனால் ஒளி வீணாகும்.

வீட்டுக்குள் எல்லாம் சரி என்றால் வெளியில் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கள் பக்கம் முதல் குற்றவாளி அணில், இரண்டாவது லாரி, மூன்றாவது மின்கம்பத்தில் மரக்கிளை வெட்டும் நாள். ஆபரேட்டருக்கு போன் போட்டு "லாஸ் சிவப்பு" என்று அந்த இரண்டு சொல்லைச் சொல்லுங்கள். "நெட் வரல" என்றால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். "லாஸ் சிவப்பு" என்றால் ஆளை அனுப்புவார்கள்.

"சிவப்பு எதுவும் இல்ல. எல்லாம் பச்சைதான். ஆனா எதுலயும் வரல."

முதலில் ரீசார்ஜ் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். பிளான் முடிந்துவிட்டால் சில ஆபரேட்டர்கள் பணம் கட்டும் பக்கத்தைக் காட்டுவார்கள், சிலர் எதையும் காட்டாமல் நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஆன்லைனில் கட்டுகிற வீடுகளில், பணம் கட்டவில்லை என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பணம் கட்டியாகிவிட்டது என்றால் அடுத்த சந்தேகம் லாகின் மீது. பல ஆபரேட்டர்களின் இணைப்பில் மோடம் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் ஒரு பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போக வேண்டும். பிபிபிஓஇ என்பது இதன் பெயர். கரண்ட் போய் வந்ததும் தெரு முழுக்க மோடங்கள் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். உங்களுடைய பழைய லாகின் அந்தப் பக்கம் இன்னும் திறந்தே இருப்பதாகக் கணக்கில் இருந்தால், புதியதை ஏற்காது. மோடத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். பத்து நொடியில் மறுபடி போட்டால் பலன் இருக்காது, அந்தப் பக்கம் பழைய கணக்கு மூட நேரம் வேண்டும். பிறகு போட்டு, விளக்குகள் நிலைபெற இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள்.

புது ரவுட்டர் வாங்கி மாற்றிய பிறகு வரவில்லையா? சில கேபிள்காரர்கள் உங்கள் பழைய கருவியின் மேக் எண்ணை, அதாவது தொழிற்சாலையில் அதற்குக் கொடுத்த நிரந்தர அடையாள எண்ணை, கணக்கோடு கட்டி வைத்திருப்பார்கள். புதுக் கருவியின் எண்ணைச் சொன்னால் மாற்றித் தருவார்கள். எண் கருவியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

"பின்னாடி ஊசி போடுற மாதிரி ஒரு ஓட்டை இருக்கே, ரீசெட். அதை அழுத்தலாமா?"

வேண்டாம்.

அது அணைத்துப் போடும் பொத்தான் என்று நினைத்துத்தான் அழுத்துகிறார்கள். பத்து நொடி அழுத்தினால் மோடம் கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமா போகும்? ஆபரேட்டர் வந்து போட்டுக்கொடுத்த லாகின், அவர்களுடைய உள் அமைப்பு எண்கள் எல்லாம் துடைத்துப் போகும். பத்து நிமிடத்தில் தானாக வந்திருக்க வேண்டிய நெட், ஆள் வந்து மறுபடி எழுதும்வரை வராது. சனிக்கிழமை சாயங்காலம் அழுத்தினால் திங்கட்கிழமைதான்.

"போன்ல வருது, டிவில வருது. லேப்டாப்ல மட்டும் இல்ல."

ரீஸ்டார்ட் செய்யுங்கள். "நேத்து ராத்திரியே ஷட்டவுன் பண்ணிட்டேனே" என்பீர்கள். ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடும், ஆனால் விண்டோஸின் உள்பகுதியையும் டிரைவர்களையும் (வைஃபை கார்டு மாதிரிப் பாகங்களை இயக்கும் சின்னப் புரோகிராம்கள்) அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். மறுநாள் ஆன் செய்தால் நேற்றைய கோளாறோடு எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். மாதக்கணக்கில் ஒருமுறைகூட ரீஸ்டார்ட் பார்க்காத லேப்டாப்புகள் என் மேசைக்கு வருகின்றன.

அதோடு விமானப் படம் போட்ட பொத்தானைப் பாருங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் இருக்கும். பிள்ளைகள் கைபட்டால் ஏரோபிளேன் மோடு விழுந்துவிடும். வலது கீழ்மூலையில் வைஃபை சின்னம் இருந்த இடத்தில் விமானம் நிற்கும்.

"வைஃபை சின்னமே காணாமப் போச்சு."

ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கு, டிவைஸ் மேனேஜர், அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ். வைஃபை கார்டின் பெயர் மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால் டிரைவர் கெட்டிருக்கிறது. வலது சொடுக்கில் 'அன்இன்ஸ்டால்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் விண்டோஸ் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். அந்த நேரத்தில் டிரைவரை அழிக்கட்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் போடாதீர்கள்.

பெயரே இல்லை என்றால், லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி கழற்றும் மாடல் என்றால் அதையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். உள்ளே தங்கிய மின்னேற்றம் வடிந்து கார்டு எழுந்துகொள்வதுண்டு. இது ஏதோ மந்திரம் மாதிரித் தெரியும். பலித்துப் பார்த்திருக்கிறேன். பலிக்காவிட்டால் கார்டு கழன்றிருக்கலாம், செத்திருக்கலாம். கடைக்கு வாருங்கள், அல்லது யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டால், ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். வைஃபை கார்டே இல்லாமல் நெட் வரும்.

"எங்க வைஃபை பேரே லிஸ்ட்ல வரல. பக்கத்து வீட்டுது வருது."

பழைய லேப்டாப்பாக இருந்து, உங்கள் மோடம் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஒலிபரப்பினால் இப்படி ஆகும். பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். மோடத்தில் 2.4ஐயும் போடச் சொல்லுங்கள். பெயர் வருகிறது, சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் சேரவில்லை என்றால் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பழைய கார்டு ஒத்துவராது. டபிள்யூபிஏ2வும் சேர்ந்த முறைக்கு மாற்றினால் சேரும். பாஸ்வேர்டை அண்மையில் மாற்றியிருந்தால் லேப்டாப்பில் பழைய பெயரை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

"'கனெக்டட், நோ இன்டர்நெட்'னு வருது. கனெக்ட் ஆச்சா, ஆகலையா?"

இந்த ஒரு வாசகம் எனக்குச் சோறு போடுகிறது. கனெக்ட் ஆனது மோடம் வரைக்கும். அதற்கு அப்பால் வழி இல்லை என்கிறது விண்டோஸ். மைக்ரோசாப்டின் ஒரு தளத்தில் மூன்றே சொற்கள் உள்ள ஒரு குட்டிக் கோப்பு இருக்கிறது. இணைப்பு கிடைத்ததும் விண்டோஸ் போய் அதைப் படித்துப் பார்க்கும். படிக்க முடிந்தால் சின்னம் சரியாக நிற்கும், முடியாவிட்டால் உருண்டைப் படம். சில சமயம் நெட் வந்துகொண்டே இருக்கும், இந்தச் சோதனை மட்டும் தோற்றிருக்கும். அதனால் சின்னத்தைப் பார்த்துப் பயப்படாமல் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள்.

உண்மையிலேயே வரவில்லை என்றால் கறுப்புத் திரைக்குப் போக வேண்டியதுதான். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்று மூன்று எழுத்து அடித்து என்டர். திறக்கும் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள். வரும் வரிகளில் ஐபிவி4 முகவரி என்ற வரியைத் தேடுங்கள்.

அது 169.254 என்று தொடங்கினால் விஷயம் தெளிவு. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் மோடம்தான் ஒரு முகவரி கொடுக்க வேண்டும். டிஹெச்சிபி என்பது அந்த வேலை. லேப்டாப் கேட்டது, மோடம் பதில் சொல்லவில்லை, காத்துக் காத்துப் பார்த்துவிட்டு லேப்டாப் தானே ஒரு எண்ணை எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அதுதான் 169.254. அந்த எண்ணோடு வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. மோடத்தை அணைத்துப் போடுங்கள், லேப்டாப்பில் வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி சேருங்கள். எப்போதோ யாரோ ஐபி முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த லேப்டாப்புகளில் அது இருக்கும், ஆனால் அப்போது 169.254க்குப் பதில் உங்கள் மோடத்துக்குச் சம்பந்தமே இல்லாத எண் நிற்கும். முகவரி அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றினால் தீர்ந்தது.

192.168 என்று தொடங்கும் எண் இருந்தால் மோடம் முகவரி கொடுத்துவிட்டது. அதே பட்டியலில் 'டிஃபால்ட் கேட்வே' என்று ஒரு எண் இருக்கும், பல வீடுகளில் 192.168.1.1. அது உங்கள் மோடத்தின் முகவரி. இப்போது 'பிங்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். 'ரிப்ளை' என்று நான்கு வரி வந்தால் மோடம் வரை பாதை நன்றாக இருக்கிறது. வராவிட்டால் வைஃபையிலோ கேபிளிலோ கோளாறு.

அடுத்து பிங் 8.8.8.8. இது கூகுளின் எண், உலகத்தில் எங்கிருந்தும் பதில் சொல்லும். இதற்கும் பதில் வந்துவிட்டால் உங்கள் நெட் உயிரோடுதான் இருக்கிறது, அடுத்த கேள்விக்குப் போங்கள். மோடத்துக்கு வந்து, இதற்கு வராவிட்டால் மோடத்துக்கு அப்பால் பார்க்க வேண்டும். அது ஆபரேட்டர் வேலை.

"பிங் வருது, ஆனா ஒரு தளமும் திறக்கல."

பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஆள் தூங்குகிறார். டிஎன்எஸ். நீங்கள் தளத்தின் பெயரை அடித்தாலும் கணினிக்கு வேண்டியது எண். பேரைச் சொன்னால் வீட்டைக் காட்டுகிற தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் மாதிரி டிஎன்எஸ். கடை மூடியிருந்தால் வீடு அங்கேயே இருந்தும் போய்ச் சேர முடியாது. பொதுவாக உங்கள் ஆபரேட்டரே இந்தக் கடையை நடத்துகிறார், சில நாள் சரியாக நடத்துவதில்லை.

மாற்றுவது எளிது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், உங்கள் வைஃபையின் பண்புகள், அதில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 'எடிட்' கொடுத்து, மேனுவல் ஆக்கி, ஐபிவி4 போட்டு, முதல் இடத்தில் 8.8.8.8, இரண்டாவதில் 1.1.1.1 எழுதிச் சேமியுங்கள். முதலாவது கூகுள் 2009 முதல் நடத்துவது, இரண்டாவது கிளவுட்ஃபிளேர் 2018இல் தொடங்கியது. இரண்டும் இலவசம். அதன்பின் ஒரு ரீஸ்டார்ட். என் வீட்டில் நிரந்தரமாகவே இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பெயர் தெரியாவிட்டால் எவ்வளவு பெரியவனும் இல்லாமல் போவான் என்பதை 2021 அக்டோபர் 4 இரவு எல்லோரும் பார்த்தோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. அவர்கள் தங்கள் வலையமைப்பில் செய்த ஒரு தவறான மாற்றத்தால், டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்தின் வரைபடத்திலிருந்து அழிந்துபோனது. அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் எனக்கு வந்த போன்களுக்கு அளவில்லை. எல்லோரும் தங்கள் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தளம் மட்டும் வரவில்லை, மற்றதெல்லாம் வருகிறது என்றால் அந்தத் தளமே படுத்திருக்கலாம். கைகட்டிக் காத்திருங்கள்.

"'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல'ன்னு எல்லாத் தளத்திலும் வருது."

கணினியில் தேதியைப் பாருங்கள். தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. உங்கள் கணினி இன்னும் 2012இல் இருப்பதாக நினைத்தால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று சொல்லித் தடுத்துவிடும்.

டெஸ்க்டாப்பில் கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032, மூன்று வோல்ட். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றினால் ஐந்து நிமிட வேலை. இதற்காக விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்து ஒரு தொகை வாங்கிய கடை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

"சில தளம் திறக்குது, சிலது சுத்திக்கிட்டே இருக்கு."

மூன்று இடம் பாருங்கள். முதலாவது, செட்டிங்ஸில் 'பிராக்ஸி', அதாவது உங்கள் நெட்டை வேறொரு கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் அமைப்பு. அங்கே ஏதாவது எண் எழுதி 'ஆன்' என்று இருந்தால், நீங்கள் போடவில்லை என்றால், அணைத்துவிடுங்கள். திருட்டு மென்பொருள் இறக்கியபோது கூடவே வந்த விருந்தாளி வேலை. இரண்டாவது, பிரவுசரில் இலவச விபிஎன் நீட்சி ஏதாவது ஒட்டியிருக்கிறதா? தூக்குங்கள். மூன்றாவது, கணினியின் வயது. விண்டோஸ் 7இல் குரோம் 109ஆம் பதிப்போடு 2023 தொடக்கத்தில் நின்றுவிட்டது. அதன்மேல் புதுத் தளங்கள் சரியாகத் திறக்கவில்லை என்றால் நெட்டைக் குறை சொல்ல முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அது உடனே நெட்டை நிறுத்தாது, ஆனால் அந்த வழியில்தான் போகும்.

தனி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. நெட்டில் எதுவும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். பிபிபிஓஇ இணைப்பில் ஒரு பொட்டலத்தின் அளவு 1492 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. வழக்கமான அளவு 1500. ரவுட்டரில் எம்டியூ என்ற இடத்தில் 1500 என்று தவறாக எழுதியிருந்தால் சின்னச் செய்திகள் போகும், பெரிய பக்கங்கள் பாதியில் தொங்கும். 1492 என்று மாற்றினால் சரி.

வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் ஆமை வேகம் என்றால் கடலிலும் காரணம் இருக்கலாம். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் வேகம் குறைந்தது. அதற்கெல்லாம் நானும் நீங்களும் என்ன செய்ய?

"லேன் கேபிள் போட்டும் வரல."

செருகியின் கிளிப் உடைந்திருக்கும். அது இல்லாமல் கேபிள் ஒரு மயிரிழை வெளியே வந்தாலே தொடர்பு போய்விடும். செருகிய இடத்தில் விளக்கு மின்னுகிறதா பாருங்கள், மின்னாவிட்டால் வேறு கேபிள் போடுங்கள். உள்ளே எட்டுக் கம்பி இருக்கிறது. நான்கு கம்பி போதும் 100 எம்பி வேகத்துக்கு, எட்டும் வேண்டும் 1000க்கு. 300 எம்பி பிளான் போட்டும் லேப்டாப்பில் 95ஐத் தாண்டவில்லை என்று வருபவர்களுக்கு அநேகமாக ஒரு கம்பி அறுந்திருக்கும், அல்லது அவர்கள் கணினியே 100 வரைதான் தாங்கும்.

"மழை வந்தா மட்டும் நெட் போகுது."

ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் ஊர் நெட் ஆடும் ஆட்டம் தனி. ஃபைபருக்குள் ஓடுவது ஒளி, கண்ணாடிக்கு மழை ஒன்றும் செய்யாது. ஆனால் கம்பத்தில் இரண்டு ஃபைபரை ஒட்டிய இடத்தில் டப்பா சரியாக மூடாமல் டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். காற்றில் அது ஆடும், ஈரம் இறங்கும், ஒளி குறையும். இது வீட்டில் சரிசெய்யும் விஷயம் இல்லை. மழை பெய்யும்போதே புகார் கொடுங்கள். வெயில் வந்தபின் ஆள் வந்து மீட்டர் பிடித்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், "நல்லாத்தானே இருக்கு சார்" என்று போய்விடுவார். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது விழுந்த மரங்களோடு கேபிளும் விழுந்தது. அந்த மாதிரி நாளில் மீட்டருக்கே வேலை இல்லை.

மழை இல்லை, வெயில் இல்லை, திடீர் திடீரென மோடமே அணைந்து எழுகிறதா? அடாப்டரைச் சந்தேகியுங்கள். அடியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். நாலைந்து வருடம் சூட்டில் கிடந்த அடாப்டர் வோல்ட்டை இறக்கிவிடும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டர் வாங்கிப் போடுங்கள். வோல்ட் மாறினால் மோடம் போய்விடும். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் மோடத்துக்கென்றே வரும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் வாங்குவது நல்ல செலவு.

"எல்லாம் பண்ணிட்டேன். ஃபார்மேட் போட்டுடலாமா?"

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டின் கடைசியில் 'நெட்வொர்க் ரீசெட்'. மோடத்தின் ஊசி ஓட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது உங்கள் லேப்டாப்பின் நெட்வொர்க் அமைப்பை மட்டும் துடைத்துப் புதிதாகப் போடும். அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும், திறந்த வேலைகளைச் சேமித்துவிடுங்கள். சேர்த்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளும் அலுவலக விபிஎன்னும் போய்விடும், அவற்றை முன்பே எழுதி வையுங்கள். இதற்கும் மசியாத கணினி அபூர்வம்.

"கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடிப் போன் பண்ணேன். ஏதோ ஆப் போடச் சொல்றாங்க."

உடனே வையுங்கள். நெட் கம்பெனி, வங்கி என்று பேர் வைத்து மோசடிக்காரர்கள் போட்ட எண்களும் தேடலில் வரும். எனிடெஸ்க் மாதிரி உங்கள் திரையை அவர்கள் பார்க்கும் ஆப்பைப் போடச் சொல்வார்கள், பிறகு "பத்து ரூபாய் கட்டிச் சோதிங்க" என்பார்கள். பத்து ரூபாய்க்கு நீங்கள் அடிக்கும் பின் எண்ணை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆபரேட்டரின் எண்ணை பில்லிலிருந்தோ, மோடத்தில் ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்தோ, அவர்களுடைய ஆப்பிலிருந்தோ மட்டும் எடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930க்கு உடனே போன் செய்யுங்கள், அது சைபர் குற்றப் புகாருக்கான அரசு எண். முதல் ஓரிரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

உண்மையான கஸ்டமர் கேரிடம் பேசினால் புகார் எண் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். புகார் எண் இல்லாத புகாரை யாரும் தேட மாட்டார்கள். நாட்கணக்கில் தீரவில்லை என்றால் அந்த எண்ணை வைத்துத்தான் மேல்முறையீட்டுக்கோ, நுகர்வோர் உதவி எண் 1915க்கோ போக முடியும்.

"சரி, லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டு வரவா?"

கொண்டு வருமுன் உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேருங்கள். நெட் வந்தால் லேப்டாப் நன்றாக இருக்கிறது, அலைய வேண்டாம், ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை என்றால் கொண்டு வாருங்கள். காலை பத்துக்குத் திறப்பேன். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள்.